ஒன்றும் பதியாத இரண்டு திங்கள்

கல்லூரிகளிற் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் ஒருவருடைய கல்வி வாழ்வை அளப்பதற்கு ஒரு முழக்கோல் உண்டு. எந்த ஆண்டில் எந்தப் பட்டம், எத்தனையாவது வகுப்பு, பின்னர் எந்த உத்தியோகம், எத்தனை கட்டுரைகள், என்ன விருது என்னும் இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிவிட்டால் அவ்வாழ்வு அளந்தாயிற்று என்று எண்ணுகின்றோம். பெரும்பாலான துறைகளுக்கு இக்கோல் ஓரளவு போதும். ஆனால் பரிசோதனைப் பௌதிகத்தில் இறங்கினவர்களுள், அதிலும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேடிப் போனவர்களுள், சிலருடைய வாழ்வை இதனால் அளக்கப் புகுந்தால் கோல் தோற்றுப்போகின்றது. ஐந்தாண்டு, பத்தாண்டு கண்விழித்து அவர்கள் எழுதிவைத்த ஏட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ‘ஒன்றுமில்லை’ என்பதே காணப்படும். அவ்வெறுமையை வீண்பொழுது என்பதா, வேலை என்பதா? இவ்வினா எம்முன் வெறும் வினாவாக மட்டும் வரவில்லை. ஓர் இளைஞனுக்கு விடை சொல்லியே தீரவேண்டிய நிலையில் சென்ற ஆண்டு அது எம் வீட்டு வாயிலுக்கே வந்தது. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

நியூட்ரினோவைப்பற்றி முன்னமே அறிந்த பௌதிக மாணவர் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம். ஏனையோர் பொருட்டுச் சில சொல்லவேண்டியிருக்கிறது. சில அணுக்கள் தாமே சிதைந்து எலெக்ட்ரானை வெளிவிடும்போது, சிதைவதற்கு முன்னிருந்த சக்தியையும் பின்னுள்ள சக்தியையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒவ்வாமல் இருந்தது. மளிகைக் கடைக்காரன் இரவில் கல்லாவை எண்ணும்போது ஒவ்வொரு நாளும் சில காசு குறைந்தால் என்ன நினைப்பான்? கணக்கே பொய் என்பான். அல்லது கண்ணிற்படாத ஒருவன் எடுத்துப் போகிறான் என்பான். 1930 ஆம் ஆண்டில் உவுல்ஃப்காங் பவுலி என்னும் அறிஞர் இரண்டாவது வழியைத் துணிந்தார். மின்னூட்டம் இல்லாததும், எடை ஏறக்குறைய இல்லாததும், எதனோடும் எளிதில் மோதாததுமாகிய ஒரு துகள் அச்சக்தியைக் கொண்டுபோகின்றது என்றார். இத்தாலியரான என்ரிகோ ஃபெர்மி அதற்கு நியூட்ரினோ என்று பெயரிட்டார். ‘நடுநிலையுள்ள சின்னது’ என்பது பொருள். பெயர் வைத்த பின்னும் அதனைக் கண்டாரில்லை. 1956 இல் அமெரிக்காவில் ஃப்ரெடெரிக் ரெய்ன்ஸ், கிளைடு கவன் என்னும் இருவர் அணு உலை ஒன்றன் அருகே கருவி அமைத்து அதன் இருப்பை உறுதிசெய்தனர். எண்ணத்திற்கும் காட்சிக்கும் இடையே இருபத்தாறு ஆண்டு. அதற்காக ரெய்ன்ஸுக்கு நோபெல் பரிசு வந்தது 1995 இல். கவன் அதற்கு இருபத்தோராண்டு முன்னரே இறந்துபோயிருந்தார்.

இத்துகள் எங்கோ அயல்நாட்டில் உள்ளதன்று. மாலையில் தாம்பரம் ரயில் நிலைய மேடையில் நின்று செங்கற்பட்டு வண்டிக்குக் காத்திருக்கும் ஒருவருடைய கட்டைவிரல் நகத்தளவு இடத்தில், ஒவ்வொரு வினாடியும் கதிரவனிடமிருந்து புறப்பட்ட நியூட்ரினோக்கள் ஏறக்குறைய 6,500 கோடி ஊடுருவிச் செல்கின்றன. இரவில் பாயில் மல்லாந்து படுத்திருக்கும்போதும் அவை ஓயவில்லை. கதிரவன் பூமிக்கு அப்பாலிருப்பதால், அவை பூமி முழுவதையும் துளைத்து நம் முதுகுவழி நுழைந்து மார்புவழி வெளியேறுகின்றன. இத்தனைக்கும் ஒருவருடைய ஆயுளில் ஒன்றிரண்டு அவருடைய உடலணுவோடு மோதினால் அதுவே மிகுதி. இப்படிப்பட்ட ஒன்றைப் பிடிப்பதற்கு ஒருவர் என்ன செய்யவேண்டும்? முதலில், ஓசையற்ற ஓரிடம் தேடவேண்டும். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றின் அணுக்களை மோதிச் சிதறச்செய்வதால் மியூவான் என்னும் துகள்கள் மழைபோலப் பொழிகின்றன. உள்ளங்கையை விரித்து நீட்டினால் வினாடிக்கு ஒன்றளவில் அதன்வழிப் போகின்றன. நியூட்ரினோ ஒன்று எப்போதோ மோதி எழுப்பும் சிறு குறி இம்மழையில் கேளாது. சந்தை கூடும் நேரத்தில் தாம்பரம் மேம்பாலத்தடியில் நின்றுகொண்டு, அடுத்த தெருவில் ஒருவர் மூச்சுவிடுவதைக் கேட்க முயல்வது போன்றது அது. ஆகவே பரிசோதகர் மண்ணுக்குள் இறங்குகின்றார். அவருக்குமேல் நிற்கும் பாறையே அவருக்குக் குடை.

இனி இக்கட்டுரையின் நாயகருக்கு வருவோம். பி. வி. ஸ்ரீகண்டன் 1925 ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று மைசூருக்கு அணித்தான நஞ்சன்கூட்டில் பிறந்தவர்; பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பௌதிகம் பயின்றவர்; 1948 இல் பம்பாயிலிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தவர். அந்நிறுவனத்திற்கு அப்போது வயது மூன்றே. அதன் தலைவர் ஹோமி பாபா. அக்காலத்தில் நம் நாட்டில் அயல்நாட்டுக் கருவியை விலைகொடுத்து வாங்கிவரப் பணமும் அரிது, வழியும் அரிது. வேண்டுவனவற்றைத் தாமே செய்துகொள்ளவேண்டும். கண்ணாடிக் குழலை ஊதுவதும், வெற்றிடம் உண்டாக்குவதும், வால்வுகளைப் பொருத்தி மின்சுற்று அமைப்பதும் ஆராய்ச்சி மாணவன் கற்கவேண்டிய முதற்பாடங்கள். பெயருக்குப் பின்னுள்ள பட்டங்களைவிட, கைவிரலில் உள்ள தழும்புகள் அவ்வகை மாணவனைப்பற்றி மிகுதியாகச் சொல்லும் என்பது எம் கருத்து.

பாபா அவர்கள் அவ்விளைஞருக்குக் காட்டிய வேலை கோலார் தங்கவயலின் சுரங்கத்திற் கருவியுடன் இறங்குவது. 1951 அளவில் ஸ்ரீகண்டன் இறங்கினார். நியூட்ரினோவை அப்போது அவர் தேடவேயில்லை என்பதனை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். ஆழம் செல்லச்செல்ல மியூவான் மழை எவ்வளவு குறைகின்றது என்பதை அளப்பதே அவர் வேலை. ஓரிடத்திற் கருவியை வைத்துப் பல நாள் எண்ணுவது, கட்டி எடுத்துக்கொண்டு அதனினும் ஆழமான தளத்துக்குப் போவது, மறுபடி எண்ணுவது. இறங்க இறங்க எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறையக் குறையக் காத்திருக்கும் காலம் நீளும். இவ்வேலையால் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் புருனோ ராஸ்ஸி என்னும் பேரறிஞரின் குழுவில் இருந்து மீண்டார். உலகத்துக்கு அறிவிக்கத்தக்க புதுமை ஒன்றும் அச்சுரங்க வேலையில் இருந்ததாக அன்று எவரும் கருதியிரார்.

அச்சுரங்கத்தோடு எமக்கும் ஓர் உறவுண்டு. எம் தந்தைவழிப் பாட்டனார் வடஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி அங்கே சென்று, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நெடுங்காலம் உழைத்தவர். கோலார் மைசூர் அரசின் எல்லைக்குள் இருந்ததாயினும் சுரங்கத்துள் ஒலித்த மொழியிற் பெரும்பகுதி தமிழே. 1880 முதற்கொண்டு ஜான் டெய்லர் என்னும் ஆங்கிலக் கம்பெனியார் அச்சுரங்கங்களை நடத்தினர். வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சென்றவர்களே அவற்றைத் தோண்டினர். 1902 இல் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து அங்கே மின்சாரம் வந்தது. நம் நாட்டின் பெருநகரங்கள் பலவும் இருட்டில் இருந்த காலம் அது. மின்விளக்கு வந்த அவ்வூரில் பாறை வெடித்துச் சரிந்து மாண்டவரும், கல்தூசி நுரையீரலிற் படிந்து இருமி இருமி மாண்டவரும் பலர். இதனை எடுத்துரைப்பது பௌதிகக் கட்டுரைக்குப் பொருந்தாது என்பார் இருக்கலாம். ஆயின் ஸ்ரீகண்டன் இறங்கிய அந்தக் குழி தானே உண்டானதன்று. அவருடைய கருவிக்குமேல் நின்ற ஓராயிரம் அடிப் பாறைக்கும் ஒரு கூலிக் கணக்கு உண்டு.

பாட்டனார் வேலை விட்டபின் பல்லாவரத்தில் எம் தந்தையார் வீட்டில் வந்து தங்கினார். திண்ணையிலிருந்தபடி மலையைப் பார்த்துக்கொண்டே அவர் பேசுவார். கூண்டு இறங்கும் வேகத்தில் காது அடைத்துக்கொள்வதையும், ஆழத்தில் பாறை கைவைக்க முடியாமற் சுடுவதையும், மேலே வந்தால் வெயிலே குளிர்ச்சியாகத் தோன்றுவதையும் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஒருமுறை மட்டும் வேறொன்று சொன்னார். “பம்பாய்க்காரங்க சில பேரு கண்ணாடிக் குழாய்களைக் குழந்தை மாதிரி மடியில வச்சிக்கிட்டு எங்களோட கூண்டில இறங்குவாங்க. பொன்னைத் தேடி வரலை. சத்தமில்லாத இடத்தைத் தேடி வந்தாங்களாம். எங்க மேஸ்திரிக்குச் சிரிப்புத் தாங்கலை” என்றார். அன்று எமக்கு அதன் பொருள் விளங்கவில்லை. கல்லூரியிற் பௌதிகம் பயின்ற பின்னரே, பாட்டனார் கண்டது யாருடைய கண்ணாடிக் குழல்களை என்பது எமக்குத் தெரிந்தது.

1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்ரீகண்டனுடைய கூட்டாளிகளாகிய நரசிம்மமும் இரமணமூர்த்தியும், ஜப்பானிலிருந்து வந்த மியாகே என்பாரும் சேர்ந்து கருவிகளை மிக ஆழமான தளங்களுக்குக் கொண்டுசென்றனர். ஒவ்வொரு தளத்திலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக வைத்த இடத்தில், ஏறக்குறைய இரண்டு திங்கள் கருவி ஓடியும், ஒரு மியூவான்கூடப் பதியவில்லை. ஒன்றே ஒன்றுகூட இல்லை.

இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். யாம் மாணவராயிருந்த காலத்தில், ஊசலைக் கொண்டு புவியீர்ப்பின் அளவைக் காணும் பரிசோதனையில் விடை 980 என்று வராவிட்டால், வரும்வரையிற் கணக்கைப் பின்புறமாகத் திருத்தும் வழக்கம் மாணவரிடையே இருந்தது. இப்போது ஒழிந்துவிட்டதாக யாம் கேள்விப்படவில்லை. ‘வரவேண்டிய விடை’ ஒன்று மூத்த மாணவரின் குறிப்பேட்டில் ஆயத்தமாக இருக்கும்போது, கருவி என்ன சொல்லிற்று என்று கேட்பதற்கு யாருக்குப் பொறுமை? இவ்வாறு பழகிய ஒருவன் கையில் அவ்விரண்டு திங்கள் ஏடு கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பான்? கருவி பழுது என்று எழுதி மேலே ஏறி வந்திருப்பான். அல்லது, சிறிது ஆழம் குறைந்த இடத்துக்குத் திரும்பி, நாலு எண்ணிக்கை பதிந்த ஏட்டோடு ஊர் சேர்ந்திருப்பான். அக்குழுவினர் செய்தது வேறு. கருவி பழுதன்று என்பதனை முதலில் உறுதி செய்தனர். பின்னர், பழுதில்லையாயின் இவ்விடம் உலகத்தில் மிக அமைதியான இடங்களுள் ஒன்று என்று கண்டனர். மியூவானே வாராத இடத்தில் இனி ஒன்று வந்து பதியுமாயின் அது நியூட்ரினோவால் விளைந்ததாகவே இருக்கக்கூடும். பத்தாண்டு மியூவானை எண்ணிக் குறைத்துக்கொண்டே வந்த வேலை அங்கே வேறொரு வேலையாக மாறிற்று. ஒன்றும் பதியாத ஏடே அவர்களுக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு.

1965 இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் தண்டில் ஏறக்குறைய 7,500 அடி ஆழத்திற் புதிய கருவி நின்றது. பம்பாய்க் குழுவினரோடு ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்துகொண்டனர். எம். ஜி. கே. மேனன், ஸ்ரீகண்டன், இரமணமூர்த்தி, நரசிம்மம், ஆச்சார், மியாகே, உல்ஃபண்டேல் முதலியோர் அக்கூட்டத்தினர். கருவியின் அமைப்பு எளிமையும் அழகும் உடையது. துகள் பாய்ந்தால் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளை இரண்டு சுவர்கள்போல எதிரெதிரே நிறுத்தினர். இடையில் நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழல்களை அடுக்கினர். பலகைகள் ஒளிர்ந்த நொடியில் குழல்களுக்கு உயர்மின்னழுத்தம் பாயும். துகள் சென்ற வழியிலுள்ள குழல்கள் மட்டும் சிவந்து மின்னும். அதனைப் படம் பிடித்தால் துகளின் பாதை கோடுபோல் விளங்கும். சுவர்களை ஏன் நிறுத்திவைத்தனர்? அவ்வாழத்தில் எப்போதேனும் தப்பிவரும் மியூவான் தலைக்குமேலிருந்து செங்குத்தாகவே வரும், பாறையின் கனம் அத்திசையில்தான் மிகக் குறைவாதலின். பக்கவாட்டில் வருவதாயின் அது மைல்கணக்கான பாறையைக் கடந்திருக்கவேண்டும். மியூவானுக்கு அவ்வலிமை இல்லை. ஆகவே கிடையாகப் பாய்ந்த ஒரு கோடு படத்திற் காணப்பட்டால், அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதிப் பிறந்த மியூவான் அது என்று கொள்ளலாம்.

அத்தகைய கோடுகள் காணப்பட்டன. விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே, ஆயினும் காணப்பட்டன. வானிலே காஸ்மிக் கதிர்களாற் பிறந்த நியூட்ரினோக்களை மனிதர் அறிந்தது அவ்வாண்டிலேதான். அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில், முன்னே கூறிய ரெய்ன்ஸ் தம் குழுவுடன் இதே வேட்டையில் இருந்தார். கோலார்க் குழுவின் கட்டுரை 1965 ஆகஸ்டு 15 அன்றும், ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரை ஆகஸ்டு 30 அன்றும் வெளிவந்தன. அந்நாள் நம் சுதந்திர நாளாதலால் இதனைப் பெருமையுடன் எடுத்தோதுவோர் உளர். ஆனால் ரெய்ன்ஸ் குழுவினரின் கருவியில் முதற்குறி விழுந்தது அவ்வாண்டு பிப்ரவரி 23 அன்றே என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. அச்சில் நாம் முந்தினோம். காட்சியில் அவர்கள் முந்தினர். பதினைந்து நாள் முந்தியதில் எமக்கு அத்துணை மகிழ்ச்சியில்லை. முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளாக மண்ணுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்களே, அதில்தான் மகிழ்ச்சி.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. கோலார் தங்கச் சுரங்கம். ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கம். கதிரவனின் நியூட்ரினோக்களை எண்ணுவதற்காக ரேமண்ட் டேவிஸ் என்பார் அமெரிக்காவிலே துணி வெளுக்கும் திரவம் சுமார் 3,80,000 லிட்டரைத் தொட்டியில் நிரப்பிக் காத்திருந்த ஹோம்ஸ்டேக்கும் தங்கச் சுரங்கமே. அத்தனை ஆழத்துக்கு மனிதரை இறக்கவல்லது பொன்னாசை ஒன்றே போலும். டேவிஸின் எண்ணிக்கை கணக்கிட்டதில் மூன்றிலொரு பங்கே இருந்தது. முப்பதாண்டு பிறர் அவருடைய கருவியை ஐயுற்றனர். அவருக்கு நோபெல் பரிசு வந்த 2002 இல் அவர் எண்பத்தெட்டு வயதை எட்டிக்கொண்டிருந்தார். குறை கருவியில் இல்லை. வழியிலேயே நியூட்ரினோ ஓரினத்திலிருந்து வேறோரினமாக மாறிவிடுகின்றது. வானில் பிறக்கும் நியூட்ரினோக்களும் அவ்வாறே மாறுகின்றன என்பதை ஜப்பானியர் 1998 இல் அறிவித்தனர். கோலாரிற் கண்டவை அவ்வகையினவே.

ஸ்ரீகண்டனுடைய பின்வாழ்வை விரிக்க வேண்டியதில்லை. உதகமண்டலத்தில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிக்கூடத்தின் வேலையை வளர்த்தார். 1975 முதல் 1987 வரை தம் நிறுவனத்தின் தலைவராயிருந்தார். பத்மபூஷண் விருது பெற்றார். முழக்கோல் அளக்கத்தக்கவை இவை. ஆனால் அக்காலத்திலேயே கோலாரில் இன்னொரு காத்திருப்பும் தொடங்கிற்று. புரோட்டான் என்றும் அழியாததா, என்றேனும் சிதையுமா என்பதை அறிய 140 டன் இரும்பு அடுக்கிய கருவி 1980 ஐ ஒட்டி அதே ஆழத்தில் வைக்கப்பட்டது. பின்னர் அதனினும் பெரியது ஒன்று. ஐயத்துக்கிடமின்றிப் புரோட்டான் சிதைந்ததை இன்றளவும் உலகில் எவரும் காணவில்லை. பொன் அருகிச் செலவு மிஞ்சியதால் சுரங்கத்தின் ஆழ்தளங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. ஆராய்ச்சியும் மேலேறி வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. நீர் இறைப்பார் இன்மையால் அத்தளங்கள் இன்று வெள்ளத்துள் கிடக்கின்றன. ஸ்ரீகண்டன் 2019 அக்டோபர் 27 அன்று பெங்களூரிற் காலமானார். அவருக்கு வயது தொண்ணூற்று நான்கு.

இனி, முன்னே கூறுவதாகச் சொன்ன செய்தி. சேலையூரிலிருந்து வரும் எம் மாணவன் ஒருவன் எம்.எஸ்ஸி. முடித்து, நியூட்ரினோப் பரிசோதனையில் ஆராய்ச்சி செய்ய விரும்பினான். அவன் தந்தையார் தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு தொழிற்சாலை மேற்பார்வையாளர், நேர்மையான மனிதர். மகனை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிறன்று எம் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, இவன் கூடப் படித்தவன் கணிப்பொறி கற்றுச் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறான். இவன் மலைக்குள் பெட்டி வைத்துக் காத்திருக்கப் போகிறேன் என்கிறான். எத்தனை வருஷம் என்று கேட்டால் தெரியாது என்கிறான். வராமலே போனால் என்று கேட்டால், அதுவும் ஒரு விடைதான் என்கிறான். எங்கள் தொழிற்சாலையில் ஒருவன் அப்படிச் சொன்னால் அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவோம். நீங்கள்தான் சொல்லவேண்டும்” என்றார்.

அவர் கேட்டதில் தவறொன்றுமில்லை. மேலும் ஓரிடர் உண்டு. அதனையும் அவர் அறிந்தே வந்திருந்தார். கோலார் மூடிய பின்னர் நம் நாட்டில் அத்தகைய ஆழமான இடம் வேறில்லை. தேனி மாவட்டத்தில் போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தருகே, சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கவழி அமைத்து, 50,000 டன் காந்த இரும்பைக் கொண்ட கருவி நிறுவத் திட்டமிடப்பட்டது. தாம்பரத்திலிருந்து ஒருமணி வழியிலுள்ள தரமணிக் கணித விஞ்ஞான நிறுவனத்தாரும் அத்திட்டத்திற்குத் தொடக்கமுதல் உழைத்தவர்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறக்குறைய 1,500 கோடி ரூபாய்க்கு இசைவு தந்தது. அவ்வூரார் மலையும் நீரும் காடும் கெடுமென்று அஞ்சினர், வழக்குகள் எழுந்தன, 2022 இல் தமிழ்நாட்டரசும் உச்சநீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. மதுரையில் 85 டன் எடையுள்ள சிறு மாதிரி ஒன்று ஓடுகின்றது. இதற்கிடையே, நியூட்ரினோ இனங்களின் எடை வரிசையை அறியச் சீனர் அமைத்த பெருங்கருவி 2025 ஆகஸ்டில் வேலை தொடங்கிவிட்டது.

பொட்டிப்புரத்தாரை அறியாதார் என்று பேசும் கற்றவர் சிலரை யாம் கண்டிருக்கின்றோம். அது எமக்கு உடன்பாடன்று. நியூட்ரினோவால் தீங்கில்லை என்பது உண்மையே. அதனை விளங்கச் சொல்லாதது நம்மவர் குறை. ஆனால் கோலாரிலே குழி முன்னமே தோண்டப்பட்டிருந்தது; பிறர் பொன்னுக்காகத் தோண்டியதில் பரிசோதகர் விருந்தினராக இறங்கினர். போடியிலோ கருவிக்காகவே மலையைக் குடையவேண்டும். தோண்டுவதற்கு உரிய விலையை யார் கொடுப்பது என்ற வினா அங்கே மறைந்திருந்தது. இங்கே வெளிப்பட்டு நிற்கின்றது. பல்லாவரத்து மலைக்கல்லை 1893 இல் ஹாலந்து என்பார் ஆராய்ந்து, அதே கல்லாற் கல்கத்தாவில் அமைந்த ஜாப் சார்னாக்கின் சமாதியை எண்ணிச் சார்னகைட் என்று பெயரிட்டார். போடி மலையும் அக்கல்லே. எம் பாட்டனார் திண்ணையிலிருந்து பார்த்த மலையைக் கல்லுடைப்போர் எவ்வளவு தின்றுவிட்டனர் என்பதை இரயிலிற் செல்வோர் யாவரும் காணலாம். மலையென்றால் அஞ்சுவோரின் அச்சத்துக்கு அடிப்படை இல்லையென்று பல்லாவரத்தான் ஒருவன் எப்படிச் சொல்வது?

தந்தையாருக்கு இவையெல்லாம் சொன்னோம். ஒளிக்கவில்லை. தேனியில் கருவி எழும்பும் என்று உறுதி கூற எம்மால் ஆகாது. எழும்பினாலும் உங்கள் மகன் நரைத்தபின் எழும்பலாம். அயல்நாட்டுக் கூட்டத்தில் ஆயிரவரில் ஒருவனாக அவன் பெயர் அச்சாகலாம். அதில் அவன் பெயரை நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும் என்றோம். பின்னர் அவ்விரண்டு திங்கள் ஏட்டின் வரலாற்றைச் சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

“அந்த ரெண்டு மாசமும் அவங்களுக்குச் சம்பளம் வந்ததா, ஐயா?” என்று கடைசியிற் கேட்டார்.

“வந்தது” என்றோம்.

“அப்படியானால் கொடுத்தவன் பெரியவன்” என்றார். இத்துணை விஞ்ஞான வரலாறு படித்தும் எமக்குத் தோன்றாத கருத்து அது. ஒன்றும் பதியாத ஏட்டோடு வந்த இளைஞர்களை வேலையினின்று நீக்காத நிறுவனம் ஒன்று, சுதந்திரம் பெற்றுப் பதினைந்தாண்டுகூட நிறையாத ஏழை நாட்டில் இருந்தது. மாணவனுடைய வாழ்வு அவன் பொறுமையில் மட்டும் இல்லை.

பையன் விண்ணப்பம் எழுதிவிட்டான். மதுரைக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று. சென்ற திங்கள் வந்து, கோலார் தங்கவயலை ஒருமுறை பார்க்கவேண்டும், தந்தையும் உடன் வருகிறார், எப்படிப் போவது என்று கேட்டான். பெங்களூர் வண்டியில் ஏறிப் பங்காருப்பேட்டையில் இறங்கி, மாரிகுப்பம் போகும் கிளைவண்டியில் மாறவேண்டும், தம்பி, என்றோம். தண்டுகளின் வாயை அடைத்திருப்பார்கள். சயனைடு மணல்மேடுகளும் லயன் வீடுகளும் இருக்கும். எங்கள் பாட்டனார் இருந்த லயனின் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தோம்.